பளிங்குகளின் உள்ளம் அறிந்தவர்

சேர் சி. வி. இராமனின் பெயரை அறியாத தமிழர் அரியர். 1928ஆம் ஆண்டில், ஒளிச் சிதறலிற் கண்ட புதுமையைப் பற்றி இலண்டன் 'நேச்சர்' இதழில் வெளிவந்த முதற் கடிதத்தில் அவர் பெயருடன் இன்னொரு தமிழர் பெயரும் இருந்தது. அதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்பது அப்பெயர். 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. அதிற் கிருஷ்ணனுக்கும் பங்குண்டோ என்ற வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. நமக்கு அவ்வழக்கு வேண்டியதில்லை. கிருஷ்ணனின் தனிப்புகழ் இருப்பது வேறோரிடத்தில், காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில்.

திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆந் திகதி பிறந்தவர் அவர். மதுரையிலும் சென்னையிலும் கற்று, 1920இற் கல்கத்தாவுக்குச் சென்று இராமனை அடைந்தார். பரிசுக்குரிய அந்த 1928ஆம் ஆண்டு முடியுமுன்னரே ஆசிரியரின் நிழலை விட்டு நீங்கி, டாக்காப் பல்கலைக்கழகத்திற் பௌதிக ரீடராக அமர்ந்தார். சத்தியேந்திரநாத் போஸ் அங்கே பேராசிரியராக விளங்கிய காலம் அது.

டாக்காவில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் பளிங்குகளின் காந்த இயல்பு. இரும்பு மட்டுமே காந்தத்துக்கு இசையும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் உப்பும் நீரும் மரமும் மிக நுண்ணிய அளவில் அதனால் இழுக்கவோ விலக்கவோ படுகின்றன. பளிங்காயின், இந்த இசைவு திசைக்குத் திசை வேறுபடும். அவ்வேற்றுமையை அளப்பது எவ்வாறு? கிருஷ்ணன் கையாண்ட வழி வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. மயிரினும் மெல்லிய குவார்ட்சு இழையொன்றிற் சிறு பளிங்கைக் கட்டி, காந்தப் புலத்திலே தொங்கவிட்டார். இழையின் தலையை மெல்ல முறுக்கினால், பளிங்கு காந்தத்தின் பிடியிலிருந்து எளிதில் விலகாது. முறுக்கு ஏறிக்கொண்டே போக, ஒரு கட்டத்திற் பிடி தளர்ந்து திடீரெனச் சுழன்றுவிடும். அந்தக் கோணம் ஒன்றை அறிந்தாற் போதும், எஞ்சியது கணக்கு. செல்வம் மிக்க ஆய்வுகூடங்களுக்கு இல்லாத ஒன்று, ஏழை ஆய்வுகூடத்துக்கு இருக்கக்கூடும் போலும்: கருவியை நம்பாமல் அறிவை நம்ப வேண்டிய கட்டாயம்.

சாந்திலால் பானர்ஜி முதலிய இளைஞருடன் செய்த இவ்வாய்வுகளை 1933இல் இலண்டன் றோயல் சங்கம் வெளியிட்டது. துணிப்பெட்டியில் நாம் இடும் நப்தலீனைப் போன்ற பொருள்களிலே, தட்டையான மூலக்கூறுகள் எவ்வெவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதை, பளிங்கை உடைக்காமல், காந்தத்தைக் கொண்டே அவர் கூறினார். எக்ஸ் கதிர்களால் அதே வினாவை ஆராய்ந்த அம்மையார் கதலீன் லான்ஸ்டேலும் அவரும் 1936இற் சேர்ந்து கட்டுரை எழுதினர்.

நம் நாட்டவர் சிறப்பாக அறியவேண்டியது அவர் காரீயத்தைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் அகழப்பட்டு, கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திற் கப்பலேறி உலகெங்கும் சென்ற காரீயம் நமக்குப் புதிதன்று. அதன் கரியணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஏட்டுக்குச் செங்குத்தாகக் காந்தத்தைச் செலுத்தினால் அது வலிமையாக விலக்கப்படுகிறது. ஏட்டின் வழியே செலுத்தினாலோ விலக்கம் மிகச் சிறிது. ஏட்டுக்குள்ளே இலத்திரன்கள் தடையின்றி உலாவுவதே இதற்குக் காரணம். கல்கத்தாவுக்குப் பேராசிரியராக மீண்டபின், கங்குலியுடன் சேர்ந்து கிருஷ்ணன் இதை ஆராய்ந்தார். காரீயத்தின் தனியேடு 2004இற் பிரித்தெடுக்கப்பட்டு, 2010இல் நோபெல் பரிசுக்குரியதாயிற்று.

1940இல் அவர் றோயல் சங்க உறுப்பினரானார். அலகாபாத்திற் சில ஆண்டுகள் கற்பித்தபின், 1947இற் புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. கோப்புகளும் குழுக்களும் அவர் பொழுதைப் பெரிதும் விழுங்கின என்றே சொல்லவேண்டும். ஆயினும் ஆய்வை விட்டாரல்லர். கொதிக்கும் உலோகங்கள் இலத்திரன்களை உமிழ்வதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். வடமொழியிலும் தமிழிலும் ஆழ்ந்த பயிற்சியுள்ளவராதலின், அறிவியலைத் தமிழிலும் எழுதினார்.

1961 யூன் 14ஆந் திகதி அவர் மறைந்தார். றோயல் சங்கத்துக்காக அவர் வரலாற்றை எழுதியவர்கள் லான்ஸ்டேல் அம்மையாரும் ஹோமி பாபாவும். அது 1967இல் அச்சேறியபோது பாபாவும் உயிருடன் இல்லை.