பொடி எழுத்தைப் புரட்டாத மனிதர்

1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி. பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை. மணி 5-12. அமெரிக்காவின் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் பூமி குலுங்கியது. சுமார் ஒரு நிமிஷந்தான்! வீடுகள் சரிந்தன, தீ மூண்டது. பூமிக்கடியில் குழாய்கள் உடைந்துவிட்டதால் அணைக்கத் தண்ணீர் இல்லை. மூன்று நாட்களுக்கு மேல் எரிந்த நெருப்பில் ஏறக்குறைய 28,000 கட்டடங்கள் அழிந்தன.

நெருப்பு அவிந்ததும் வேறொரு புகைச்சல் கிளம்பிற்று. ஜனங்களிடம் தீ இன்ஷ்யூரன்ஸ் பாலிஸி இருந்தது. ஆனால் பல பாலிஸிகளில் பொடி எழுத்தில் ஒரு ஷரத்தும் இருந்தது. தீயினால் அல்லாமல் கட்டடமோ அதன் ஒரு பகுதியோ விழுந்துவிட்டால் அந்தக் கணமே பாலிஸி செல்லாது என்பது அதன் சாரம். சில பாலிஸிகள் பூகம்ப நஷ்டத்தையே விலக்கியிருந்தன. வீடு முதலில் விழுந்ததா, எரிந்ததா? சாம்பலைப் பார்த்து யார் சொல்வது?

கம்பெனிகளின் பேச்சில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பூகம்பத்துக்கென்று அவை பிரீமியம் வாங்கவில்லை. சில கம்பெனிகள் பேரம் பேசி முக்கால் பங்கு கொடுத்தன, சில திவாலாயின, ஐரோப்பியக் கம்பெனிகள் சில, கையை விரித்துவிட்டன.

அப்போது லண்டன் லாயிட்ஸிலிருந்து ஒரு தந்தி வந்தது. பாலிஸியின் ஷரத்து எப்படியிருந்தாலும் சரி, எல்லோருக்கும் முழுத் தொகையையும் கொடுத்துவிடும்படி அங்கிருந்த ஏஜெண்டுக்கு உத்தரவு! அனுப்பியவர் கத்பர்ட் ஹீத்.

1859-ல் பிறந்த ஹீத், கடற்படை அதிகாரியின் மகன். அவரும் கடற்படையில் சேர்ந்திருக்க வேண்டியவர்தான். காது மந்தமானதால் அந்தக் கதவு அடைபட்டது. தகப்பனாரின் பணத்தைக் கொண்டு 1880-ல் லாயிட்ஸ் அங்கத்தினரானார். அது கம்பெனியல்ல, அந்நாளில் தனி மனிதர்கள் தங்கள் சொந்தச் சொத்தையே பிணை வைத்துப் பிறர் நஷ்டத்தை ஏற்ற சந்தை. நஷ்டம் வந்தால் வீடு வாசலும் போய்விடும் காலம் அது. கப்பல் இன்ஷ்யூரன்ஸே பிரதானமாயிருந்த அந்த இடத்தில், ஹீத் தீ விபத்துக்கும் பாலிஸி எழுதினார். திருட்டுக்கும் எழுத முடியுமா என்று ஒருவர் கேட்டபோது, தாராளமாக எழுதலாமே என்றார்! மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தகைய மனிதர் அனுப்பிய தந்தி அது. பணம் பட்டுவாடா ஆயிற்று. அவர் வியாபாரி என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் லாயிட்ஸுக்கு அப்போது கிடைத்த நல்ல பெயர், பின்னால் அங்கிருந்து பெரும் வியாபாரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஆனால் ஒரே அடியில் இவ்வளவு பெரிய நஷ்டம் மறுபடி வந்தால் என்ன செய்வது? அந்தக் கவலையில் பிறந்ததுதான், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்தை மட்டும் வேறொருவர் தலையில் ஏற்றும் மறு இன்ஷ்யூரன்ஸ் முறை. வாக்குக் கொடுத்தவரிடம் பணம் இருக்கிறதா என்று வருஷந்தோறும் கணக்குத் தணிக்கை நடக்க வேண்டுமென்றும் ஹீத் வற்புறுத்தினார். 1908-ல் லாயிட்ஸ் அதை ஏற்றது. 1939-ல் அவர் காலமானார்.