சீமையில் தனியே சமைத்த கணித மேதை

வடலூரில் ஓர் அடுப்பு எரிகிறது. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு அது. அன்று முதல் இன்று வரை அது அணையவில்லை. பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் அங்கே சோறு உண்டு.

அந்த அடுப்பு மூட்டப்பட்டு 20 ஆண்டுகள் கழித்து, ஈரோட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் உலகமே வியந்த அந்த மனிதர், கடல் கடந்த நாட்டில் ஒரு வேளைச் சோற்றுக்குத் தனியாக அடுப்பு மூட்டினார். மூட்ட மறந்த நாட்களும் உண்டு. அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

குண்டுப் பையன்

ராமானுஜன் பிறந்தது 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள். ஏழைக் குடும்பம்தான். ஆனாலும் தாயார் மகனைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். தயிர்ச் சோறு பிசைந்து கையில் வைப்பார்.

சிறு வயதில் ராமானுஜன் நல்ல குண்டு. சண்டைக்கு வரும் பையன் மேல் விழுந்தாலே போதும், அவன் நசுங்கிப் போவான் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வார்களாம். வளர்ந்த பிறகும் குட்டையான, பருத்த உடம்புதான்.

கணக்கில் புலி. மற்றப் பாடங்களில் கோட்டை விட்டார். அதனால் கல்லூரிப் படிப்பு முடியவில்லை. 1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913-ஆம் ஆண்டு ஜனவரியில், கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் நிறையக் கணக்குகள். படித்த ஹார்டி திகைத்துப் போனார். எப்படியாவது இவரைச் சீமைக்கு வரவழைக்க வேண்டும் என்று முயன்றார்.

குடுமி போனது

கடல் கடந்து போவது குலத்துக்கு ஆகாது என்று கருதிய காலம் அது. முதலில் தாயார் சம்மதிக்கவில்லை. பிறகு, குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகக் கூறி விடை தந்தார். சீமையிலும் சைவ உணவைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று ராமானுஜன் உறுதி பூண்டார்.

பயணத்துக்கு முன் குடுமியை எடுத்தார்கள். கோட்டும் கால்சட்டையும் வாங்கினார்கள். 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்ற கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. ஏப்ரல் 14-ல் அவர் லண்டன் சேர்ந்தார்.

வெறுங்காலுடன் நடந்து பழகியவருக்குப் பூட்சு காலைக் கடித்தது. அறைக்குள் செருப்புடன்தான் இருப்பார்.

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் ஒரு பெரிய மண்டபத்தில் சேர்ந்து உண்பது வழக்கம். அங்கே மேசை முழுவதும் இறைச்சி. ராமானுஜன் அந்தப் பக்கம் போகவில்லை. தம் அறையில் சிறிய கேஸ் அடுப்பு வைத்துக்கொண்டு தாமே சமைத்தார். சோறு, ரசம், காய்கறி. அவ்வளவுதான்.

போர் வந்தது

அவர் போய்ச் சேர்ந்த நான்காம் மாதமே முதல் உலகப் போர் மூண்டது. கப்பல்கள் கடலில் மூழ்கின. காய்கறியும் பழமும் கிடைப்பது அரிதாயிற்று. ஊரிலிருந்து வரும் உணவுப் பொட்டலங்களையே பெரிதும் நம்பியிருந்தார்.

சாமான் பற்றாக்குறை ஒரு பக்கம். கணக்குப் பைத்தியம் மறு பக்கம். எண்களில் மூழ்கிவிட்டால் பகல் இரவு தெரியாது. தொடர்ந்து 30 மணி நேரம் விழித்து வேலை செய்வார். பிறகு 20 மணி நேரம் தூங்குவார். இடையில் சமையல் ஏது? கும்பகோணத்தில் தாயார் ஊட்டிவிட்டார். இங்கே நினைவூட்டக்கூட ஆள் இல்லை.

குளிரும் வாட்டியது. ஒரு நாள், அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள நண்பர் மகலநோபிஸ் அவரைப் பார்க்க வந்தார். ராமானுஜன் இரவெல்லாம் மேல்கோட்டும் சால்வையுமாகப் படுத்து நடுங்கியதை அறிந்தார். படுக்கையைப் பார்த்தால் கம்பளிகள் அடுக்காக விரித்திருந்தன! அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. நண்பர் அதைச் சொல்லிக் கொடுத்தார்.

மற்றொரு நாள் நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். தம் கையாலேயே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக் குடித்த விருந்தினர், மூன்றாம் முறை போதும் என்று மறுத்துவிட்டார்கள். ராமானுஜனின் முகம் வாடியது. அறையை விட்டு எழுந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை. சில நாட்கள் கழித்து, செலவுக்கு ஐந்து பவுன் பணம் அனுப்பும்படி வெளியூரிலிருந்து நண்பருக்குத் தந்தி கொடுத்தார்! விருந்தாளி போதும் என்றது அவர் மனத்தை அவ்வளவு புண்படுத்திவிட்டது.

இளைத்த உடம்பு

வீட்டுக் கடிதங்களும் குறைந்தன. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப் போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவருக்குப் போய்ச் சேரவில்லை.

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். காச நோய் என்று மருத்துவர்கள் கருதினார்கள். ஒரு மருத்துவ விடுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். குளிர் காற்று வீசும் அறைகள். பிடிக்காத சாப்பாடு. கண்டிப்பான மருத்துவர்கள். பருத்திருந்த உடம்பு மெலிந்தது.

மனமும் தளர்ந்தது. 1918-ஆம் ஆண்டு தொடக்கத்தில், லண்டன் சுரங்க ரயில் பாதையில் விழுந்து உயிரை விடத் துணிந்தார். ரயிலை நிறுத்திவிட்டதால் காயத்தோடு பிழைத்தார். ஹார்டி ஓடிவந்து போலீசாரிடமிருந்து அவரை மீட்டார்.

வியப்பு என்னவென்றால், பெருமைகள் வந்து குவிந்ததும் அதே ஆண்டில்தான். ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ பதவியும் கிடைத்தது. அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஊர் திரும்பினார்

1919-ஆம் ஆண்டு மார்ச் 27-ல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார். எலும்பும் தோலுமாக இருந்தார். வரவேற்கத் தாயார் வந்திருந்தார். ராமானுஜனின் கண்கள் மனைவியைத் தேடின. ஜானகி வரவில்லை. அவர் பிறந்த வீட்டில் இருந்தார்.

பின்னர் ஜானகி வந்து சேர்ந்தார். கடைசி ஓராண்டு அவர்தான் துணை. வேளை தவறாமல் சோறும், மோரும், எலுமிச்சைச் சாறும் கொடுத்தார். வலி எடுத்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். நீயும் சீமைக்கு வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்ற பொருளில் கணவர் அவரிடம் சொன்னதுண்டு.

படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. வலி தாங்காத நேரத்திலும் பலகையும் தாளும் கேட்பார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் உயிர் பிரிந்தது. வயது 32.

என்ன நோய்?

அவர் உயிரைக் குடித்தது எது? காச நோய் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ஒருவர், 1994-ல் வேறு கருத்தை வெளியிட்டார். சீமைக்குப் போகுமுன் ராமானுஜனுக்குக் கடும் சீதபேதி வந்ததுண்டு. அந்தக் கிருமி கல்லீரலில் தங்கிப் பின்னாளில் நோயாக முற்றியிருக்கலாம் என்பது அவர் முடிவு. அப்படியானால் அது அந்தக் காலத்திலேயே தீர்த்திருக்கக் கூடிய நோய்.

எந்த நோயானாலும், நேரத்துக்குச் சோறு இல்லாத உடம்பு அதை எதிர்த்து நிற்குமா?

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து சென்னைத் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்தார். அந்த 1994-ல்தான் அவரும் மறைந்தார். கணவருக்குச் சோறு போட்டது ஓராண்டுதான். அதைப் பற்றிப் பேச அவருக்கு 74 ஆண்டுகள் இருந்தன.

இன்று தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளிநாடுகளில் வேலை செய்கிறார்கள். தொலைபேசியில் கூப்பிடும் தாய் முதலில் சம்பளத்தைக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறாள். சீமையில் இருந்த ஐந்து ஆண்டுகளில், ராமானுஜனை மாலைதோறும் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.