தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் அம்மையார்

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர், கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள்.

பெண் பிள்ளைகள் பெரியவள் ஆனதும் படிப்பை நிறுத்தி விடுவது அந்தக் கால வழக்கம். முத்துலட்சுமி வீட்டில் இருந்தபடியே படித்துத் தேறினார். பையன்கள் படிக்கும் மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மகாராஜா அனுமதி கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1927-ல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1947-ல் அதற்குச் சட்டம் வந்தது.

தங்கையின் மரணம்

இவ்வளவு புகழ் பெற்றவரின் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று இருந்தது. 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டருக்குப் படித்த அக்காளாலும் காப்பாற்ற முடியவில்லை.

இந்த நோய்க்கு ஒரு தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. 1935-ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை வெளியிட்டார். ஆனால் புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்குச் செலவு செய்வது வீண் என்று அதிகாரத்தில் இருந்தவர்களே எண்ணிய காலம் அது.

அம்மையார் தளரவில்லை. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி பிறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதில் உழைத்தார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அம்மையார் 1968 ஜூலை 22-ந் தேதி காலமானார்.

கணக்கு எங்கே?

எத்தனை பேருக்கு இந்த நோய்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? அம்மையார் பணம் திரட்டிய நாளில் மாகாணம் முழுவதற்கும் இதற்கு ஒரு கணக்கு இல்லை. கணக்கு இல்லாத நோய்க்குப் பணம் கேட்பது எவ்வளவு கடினம்!

அந்தக் கணக்கு அவர் கட்டிய இடத்திலேயே பின்னாளில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் திட்டப்படி, 1982-ல் சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு அடையாற்றில் திறக்கப்பட்டது. 2012-ல் மாநிலம் முழுவதற்கும் பதிவு செய்யும் திட்டம் வந்தது.

நோயாளி பதிவேட்டைத் தேடி வருவதில்லை. ஊழியர்கள்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று பெயர், வயது, ஊர், நோய் வந்த உறுப்பு எல்லாவற்றையும் எழுதி வருகிறார்கள். இறப்புப் பதிவுகளையும் பார்க்கிறார்கள்.

ஒருவர் மூவர் ஆன கதை

எருமப்பட்டியில் செல்லம்மாள் என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அவருக்கு மார்பில் கட்டி. நாமக்கல் ஆஸ்பத்திரியில் செல்லம்மாள் என்று எழுதுகிறார்கள். சேலத்தில் செல்லம்மா. சென்னையில் எஸ். செல்லம். வயது ஓரிடத்தில் 48, இன்னோரிடத்தில் 50. ஒத்துப் பார்க்காவிட்டால் ஒருவர் மூவர் ஆகி விடுவார்!

சென்னையில் உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால் இன்னொரு தவறு. சென்னையின் கணக்கில் ஒன்று கூடும். எருமப்பட்டியின் கணக்கில் ஒன்று குறையும். நோய் குறைவான வட்டாரம் என்று நினைத்தால் அங்கே பரிசோதனை முகாம் எதற்கு, கருவி எதற்கு என்று கேட்கத் தோன்றும் அல்லவா? ஒருவர் ஓராண்டாவது வாழ்ந்து வரும் ஊரே அவர் ஊர் என்பது பதிவேட்டின் விதி.

இறந்த பிறகும் தவறு நேரலாம். மாரடைப்பு என்று மட்டும் எழுதினால் புற்றுநோய் மறைந்து போகும்.

சரியான கணக்கின் பலன்

2000-ம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை நடந்தது. காடியில் உள்ள அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய முறை அது. சில ஊர்களில் பரிசோதனை செய்தார்கள்; சில ஊர்களில் வழக்கமான வைத்தியம் மட்டும். பரிசோதனை நடந்த ஊர்களில் அந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் உலகம் அறிந்தது. அம்பிளிக்கையில் இருந்த பதிவேடு நோயையும் சாவையும் ஊர்வாரியாக ஒழுங்காக எழுதி வந்ததால்தான் அது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஊரும் வயதும் கேட்டால் சலித்துக் கொள்ளாதீர்கள். எங்கு சென்றாலும் ஒரே பெயரைச் சொல்லுங்கள். முன்பு பார்த்த வைத்தியச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். வாழும் ஊரின் விலாசத்தையே கொடுங்கள்.

முத்துலட்சுமி அம்மையாரின் தங்கையை எந்தப் பதிவேடும் எண்ணவில்லை. நம் வீட்டுப் பெண்கள் எண்ணப்பட வேண்டும்.