வெற்றிடத்திற்குச் சுவர் எழுப்பியவர்

விடியுமுன் ஜீப் ஏறி, மெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் என் தாயார் தூக்குச்சட்டியோடு ஒரு பிளாஸ்கும் எடுத்துச் செல்வார். சென்ற ஆண்டு அது என் கை நழுவி உடைந்தது. அன்று அவருக்குச் சூடான தேநீர் இல்லை. சில்லுகளைப் பொறுக்கும்போதுதான், உள்ளே இருந்தது ஒரு கண்ணாடியன்று, ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு என்று கண்டேன். அந்த இரட்டைச் சுவரைத் தந்தவர் யாரெனத் தேடியபோது கிடைத்தவரே சர் ஜேம்ஸ் டிவார்.

ஸ்காட்லாந்தின் கின்கார்டினில் 1842 செப்டம்பர் 20ஆம் நாள் பிறந்தார். பத்து வயதில், உறைந்த நீர்நிலையின் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தார். காய்ச்சல் கண்டு நெடுநாள் முடங்கினார். அப்போது ஊர்த் தச்சரிடம் வயலின் செய்யப் பழகினார். பின்னாளில் ஆய்வுக்கருவிகளைத் திறம்படக் கையாண்டதற்கு அதுவே அடிப்படை என அவர் கருதியதுண்டு.

1877இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியல் பேராசிரியரானார். சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 190 பாகைக் குளிரிலுள்ள திரவக் காற்றை எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் கொதித்து மறைந்தது. 1892இல் இரு கண்ணாடிச் சுவர்களுக்கிடையே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். கடத்திச் செல்ல ஏதுமில்லாததால் வெப்பம் உள்ளே நுழையவில்லை. கதிராய் வருவதை வெள்ளிப்பூச்சு தடுத்தது.

குளிர்நாட்டுச் சாளரங்களின் இரட்டைக் கண்ணாடி இதற்கு மூத்த உறவு. அமெரிக்கர் தாமஸ் ஸ்டெட்சன் 1865இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். அதில் இடையே அடைபட்டிருப்பது காற்று. தட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே தாங்கிகளின்றி வெற்றிடம் செய்தால் வெளிக்காற்றே அழுத்தி நொறுக்கிவிடும், உருளையோ தாங்கும்.

டிவார் காப்புரிமை வாங்கவில்லை. 1904இல் ஜெர்மானியர் தெர்மாஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கினர். வழக்காடியும் பயனில்லை. 1898இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். ஹீலியத்தை 1908இல் டச்சுக்காரர் காமர்லிங் ஓன்னஸ் வென்றார். அவருக்கும் டிவாரின் குடுவையே துணை. முன்கோபி, பலரோடு பகை. எனக்கு உறுத்துவது வேறொன்று: ஆய்வுக்கூட வெடிப்புகளில் அவருடைய உதவியாளர் இருவர் ஆளுக்கொரு கண்ணை இழந்தனர். அவர்களை எத்தனை பாடநூல்கள் நினைக்கின்றன?

நோபல் பரிசு பெறாமலே 1923 மார்ச் 27ஆம் நாள் மறைந்தார்.

பொங்கலுக்குப் புதுப் பிளாஸ்க் வாங்கினோம். தாயார் அதைப் பழைய சேலைத்துணியில் சுற்றியே ஜீப்பில் வைக்கிறார். என் கையில் தருவதில்லை.