வெள்ளிக்கிழமை வீணை

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் திருவையாறு, அப்புறம் தஞ்சாவூர். பலா மரத்தைக் குடைந்து வீணை செய்வதில் பெயர் பெற்ற ஊர் தஞ்சாவூர். அங்கே அரசவையில் ஆடிப் பாடிய ஒரு குடும்பம் பின்னாளில் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் குடும்பத்தில் 1867-ல் பிறந்தவர்தான் வீணை தனம்மாள்.

வீணைக்கு ஏழு தந்திகள். நான்கில் பாட்டு வரும், மூன்று தாளத்துக்கு. வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்தியைத் தட்டும். இடது கை, மெட்டின் மேல் தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுக்கும். ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் குழைந்து வரும்! பலர் விரலில் கம்பி மீட்டி மாட்டிக்கொண்டு கணீரென வாசிப்பார்கள். தனம்மாள் மாட்டவில்லை. வெறும் விரல்தான். கூடவே மெல்லிய குரலில் பாடவும் செய்வார்.

வேடிக்கை என்ன தெரியுமா குட்டீஸ்? அதே காலத்தில் ஸ்பெயின் நாட்டில் ஃபிரான்சிஸ்கோ டாரெகா (1852–1909) என்ற கிடார் மேதை இருந்தார். அங்கும் இதே வாதம்தான்: நகத்தால் மீட்டுவதா, விரல் நுனிச் சதையாலா? நகம் பளிச்சென்ற ஒலி தரும். சதை மென்மையான ஒலி தரும். கடைசிக் காலத்தில் டாரெகா நகத்தை வெட்டிவிட்டார். பின்னால் வந்த செகோவியாவோ பெரிய அரங்குகளில் நகத்தால் வாசித்துப் புகழ்பெற்றார்.

தனம்மாளின் மெல்லிய ஒலிக்குப் பெரிய அரங்கு எதற்கு? சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வாசிப்பு நடக்கும். பெரிய வித்வான்கள்கூடத் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். யாரும் மூச்சு விடக்கூடாது! கொஞ்சம் கறார்தான். ஆனால் ஒரு சின்ன இருமல் வந்தாலே அந்த இசை மூழ்கிப்போகுமே!

இந்தப் பிடிவாதத்தால் காசு சேரவில்லை. பணக் கஷ்டம் இருந்தது. முதுமையில் கண் பார்வையும் போனது. வீணையை மட்டும் விடவில்லை. 1938-ல் காலமானார்.

பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடகிகள்; இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி உலகப் புகழ்பெற்ற நடனமணி. 1930-களில் தனம்மாள் வாசித்த சில இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. கேட்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்!