விளக்கும் கணக்கும்

கைவிளக்கேந்தி இரவில் நோயாளரைக் கண்டுவந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை உலகம் நன்கறியும். அவர் பண்டசாலைக் கணக்கிலும் வல்லவராய் விளங்கியதைப் பலர் அறியார்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் தோன்றினார். இளமையிலேயே கணிதத்தில் பெருவிருப்பம் கொண்டார். செவிலித் தொழில் இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. பெற்றோர் தடுத்தும் அவர் அத்தொழிலையே மேற்கொண்டார்.

1854ஆம் ஆண்டில் பிரிட்டன் இரஷ்யாவுடன் கிரிமியாவில் போரிட்டது. புண்பட்ட வீரர்கள் கருங்கடல் கடந்து, துருக்கியில் ஸ்குட்டாரி என்னுமிடத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். நவம்பர்த் திங்களில் அம்மையார் 38 செவிலியருடன் அங்குச் சென்றார். மாற்றுச் சட்டையும் சோப்பும் உண்கலமும் இன்றி வீரர்கள் வாடக் கண்டார்.

அரசாங்கம் பொருள் அனுப்பவில்லையா? பெரும்பொருள் செலவிட்டு அனுப்பியே வந்தது. ஆயினும், ஸ்குட்டாரிக்கு உரியவற்றுட் சில, கப்பலில் வெடிமருந்துகளுக்கு அடியிற் கிடந்து போர்க்களத் துறைமுகத்திற்கே சென்றுவிட்டன. வந்திறங்கிய மூட்டைகளோ, குழு கூடி ஒப்புதல் தரும்வரை அவிழ்க்கப்படவில்லை. கிரிமியாவில் வீரர்கள் ஸ்கர்வி நோயால் நலிந்தனர். அதனைத் தீர்க்கும் எலுமிச்சைச் சாறு 20,000 இராத்தல் டிசம்பரிலேயே வந்திருந்தது. அதனை அன்றாட உணவிற் சேர்க்க ஆணையில்லை என்று பிப்ரவரி வரை எவருக்கும் வழங்காதிருந்தனர். என்னே கொடுமை!

அம்மையார் தம் பணத்தையும் பொதுமக்கள் அளித்த நன்கொடையையும் கொண்டு வேண்டுவனவற்றை வாங்கித் தனிப் பண்டசாலை ஒன்றை அமைத்தார். மருத்துவர் எழுத்து மூலம் கேட்டதையே கொடுத்தார். கொடுத்ததற்குக் கணக்கு வைத்தார். ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்தி, வெந்நீர்க் கொப்பரைகள் வைத்து, வீரர்தம் மனைவியரைக் கொண்டு துணிகளை வெளுப்பித்தார். பண்டங்களைப் பெறவும் காக்கவும் வழங்கவும் புதுமுறை வகுத்து அமைச்சருக்கு எழுதினார்.

ஆயினும் சாவு உடனே குறையவில்லை. 1855 பிப்ரவரியில் மருத்துவம் பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியிலிருந்த சாக்கடைகளைத் தூய்மை செய்தது. ஜூன் திங்களில் இறந்தோர் நூற்றுக்கு இருவரே. நாடு திரும்பிய அம்மையார் இவ்வெண்களை ஆராய்ந்து, படங்களாக வரைந்து, ஆட்சியாளர் உணருமாறு செய்தார். 1860இல் அவர் பெயரால் இலண்டனில் செவிலியர் பள்ளி நிறுவப்பெற்றது. 1910ஆம் ஆண்டில், தொண்ணூறாம் வயதில், அவர் மறைந்தார்.

சாலையில் மருந்து நிறைந்திருந்தும் நோயாளி கைக்கு எட்டவில்லையெனின், அதற்குச் செலவிட்ட பொருள் வீணே, உயிரும் வீணே. இரக்கத்தோடு கணக்கும் சேர்ந்தாலன்றித் தொண்டு முழுமை பெறாது என்பதை அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.