திருக்கோவிலூருக்கு வந்த கணித மேதை

கள்ளக்குறிச்சியிலிருந்து காலையில் சென்று மாலையில் திரும்பிவிடக்கூடிய ஊர் திருக்கோவிலூர். தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள அவ்வூருக்கு 1910ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் வேலை தேடி வந்தார். கல்லூரித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர் அவர். கையில் பட்டம் இல்லை. தாமே கண்ட கணக்குகளை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம்தான் இருந்தது. அவர்தாம் உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

சிறு வயதிலேயே உயர்கணிதம் படிக்கலாமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். அவ்வாறு படித்த ஒருவரின் வாழ்க்கையைச் சற்றே பார்ப்போம்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஜவுளிக் கடையில் கணக்கர், தாய் கோமளத்தம்மாள். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். மறு ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கல்லூரி மாணவர் படிக்கும் லோனியின் திரிகோணமிதி நூலை இரவல் வாங்கி, 13 வயதிலேயே கற்றுத் தேர்ந்தார். அப்போது அவர் எந்தப் பாடத்திலும் பின்தங்கவில்லை.

1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் ஏறக்குறைய 5,000 தேற்றங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிரூபணம் இல்லை. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அந்நூல் அவருடைய அறிவுக் கண்ணைத் திறந்தது. ஆனால் அவருக்கு வழிகாட்ட அருகில் ஒருவரும் இல்லை. கணிதத்தைத் தவிர மற்றவை யாவும் அவர் மனத்தைவிட்டு அகன்றன.

1904இல் கணிதத்துக்கான ரங்கநாதராவ் பரிசு பெற்றுப் பள்ளியை முடித்தார். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறியதால் உதவித்தொகை பறிபோயிற்று. மனமுடைந்து 1905இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியே கண்டார். கணிதத்தில் ஒப்பற்றவரைக் கல்லூரி வெளியே அனுப்பிவிட்டது. வறுமை வாட்டியது.

இந்நிலையில்தான் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைத் தேடி வந்தார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். இளைஞர் கேட்டதோ சிறிய குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ஐயர் வியந்து போனார். கீழ்நிலை உத்தியோகத்தில் அமர்த்தினால் இந்த அறிவு மங்கிவிடும் என்று எண்ணினார். ஆகவே வேலை தராமல், சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கிடைக்கவில்லை, ஆனால் வழி பிறந்தது!

1911இல் கணிதக் கழக இதழில் அவரது முதல் கட்டுரை வெளிவந்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கப்பலேறினார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்றுத் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில், தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

இராமானுஜன் தனிமையில் உழைத்துக் கண்டவற்றுள் பல, ஐரோப்பிய அறிஞர்கள் முன்பே கண்டவை. பகா எண்களைப் பற்றி அவர் எழுதிய சில முடிவுகள் பிழையானவை. சீரான நிரூபணம் எப்படி அமைய வேண்டும் என்பதை ஹார்டி பின்னரே அவருக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. அவர் இளமையில் இறந்ததைவிட, வழிகாட்டியின்றி வீணான ஐந்து ஆண்டுகளே பெரிய சோகம் என்று ஹார்டி கருதினார்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1909இல் இராமானுஜனை மணந்த ஜானகி அப்போது பத்து வயதுச் சிறுமி. அவருக்குள் என்ன திறமை இருந்தது என்று கேட்பாரே இல்லை. கணவர் மறைந்த பின் தையல் கற்று, தம் உழைப்பால் வாழ்ந்து, ஒரு சிறுவனை வளர்த்துப் படிக்க வைத்தார். 1994இல் மறைந்தார். பெண் பிள்ளைக்கு எதற்குக் கணக்கு என்று இன்றும் சில வீடுகளில் பேச்சு எழும்போது, ஜானகி அம்மையாரை நினைத்துக் கொள்ளுங்கள்.

ஆகவே மாணவிகளே, கணக்கில் உங்களுக்குப் பசி இருந்தால் மேல்வகுப்புப் புத்தகத்தைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். ஆனால் தனியே படிக்காதீர்கள்; ஆசிரியையிடம் சென்று ஒவ்வொரு படிக்கும் காரணம் கேளுங்கள். மொழிப் பாடத்தையும் அறிவியலையும் கைவிடாதீர்கள். பெற்றோரே, பசித்த பிள்ளைக்கு மறுக்காதீர்கள். பசியாத பிள்ளைக்குத் திணிக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைப் போடுவது பெருமையன்று. போட்ட கணக்கு ஏன் சரி என்று எடுத்துச் சொல்வதே பெருமை.

கல்வராயன் மலையூர்களிலிருந்து இறங்கி வந்து படிக்கும் சிறுமிகளிடமும், கடைவீதிக் கணக்கரின் மகளிடமும் அத்தகைய அறிவு மறைந்திருக்கலாம். அவர்கள் நீட்டும் நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையுடன் புரட்டிப் பார்ப்பது பெரியவர்களாகிய நம் கடமை.